பாலா: ஏரிக்கரைச் சந்தையூரின் மனிதர்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாலா எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

வேல்ஸின் வடமேற்கில், குவினெத் வட்டாரத்தில், லின் டெகிட் என்னும் ஏரியின் வடகிழக்கு முனையில் இருக்கிறது. வேல்ஸின் இயற்கை ஏரிகளில் பெரியது அதுதான். நீளம் சுமார் 6 கிலோமீட்டர். டீ ஆறு இந்த ஏரியிலிருந்து வெளியேறும் இடத்தில் ஊர் எழுந்தது. 'பாலா' என்ற வெல்ஷ் சொல்லுக்கே ஏரி நீர் ஆறாக வெளியேறும் வாய் என்று பொருள். மக்கள்தொகை ஏறத்தாழ 2000. அவர்களில் பெரும்பான்மையினர் இன்றும் வெல்ஷ் பேசுகிறார்கள்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில ஆட்சி திட்டமிட்டு அமைத்த சந்தையூர் இது. நீளமான ஒரே கடைத்தெருவும் அதற்கு இணையாகப் பின்தெருக்களும் இன்றும் அந்தத் திட்டத்தைக் காட்டுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் கையால் பின்னிய கம்பளிக் காலுறைகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஊர் நடுவே பழைய நார்மன் கோட்டையின் மண்மேடு ஒன்று உண்டு. வெயில் அடிக்கும் நாட்களில் ஊர்மக்கள் அதன்மேல் கூட்டமாக உட்கார்ந்து காலுறை பின்னுவார்கள் என்று அக்காலப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு சிறிய ஊரிலிருந்து இத்தனை பேர் புகழ்பெற்றது எப்படி?

பாலாவைப் பற்றிப் படிக்கிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி இது. என் பதில்: இந்த ஊர் தன் மக்களுக்குத் தாய்மொழியில் படிக்கக் கற்றுக்கொடுத்தது. கூலிக்காரர், நெசவாளர், வேலைக்காரப் பெண், பண்ணைச் சிறுவன் என்று எவரையும் விட்டுவிடாமல் கற்றுக்கொடுத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸின் நிலப்பிரபுக்களுக்கும் நீதிமன்றத்துக்கும் ஆங்கிலமே மொழி. எளிய மக்களுக்கோ வெல்ஷ் தவிர வேறு மொழி தெரியாது. அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே எழுத்தறிவு தந்தபோது, அடுத்த நூறாண்டுக்கு அந்தச் சுற்றுவட்டாரம் போதகர்களையும் அரசியல்வாதிகளையும் ஆசிரியர்களையும் கவிஞர்களையும் கொடுத்துக்கொண்டே இருந்தது. கீழே வரும் வாழ்க்கைகள் ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்த ஒரு செயலிலிருந்து கிளைத்தவை.

இவர்கள் எல்லாரும் பாலாவில் பிறந்தவர்களா?

இல்லை. பலர் சுற்றியுள்ள லானிகில், லானுவ்க்லின், கெவ்ந்துய்சார்ன், வ்ரான்கோக் போன்ற சிற்றூர்களில் பிறந்தவர்கள். அந்த ஊர்களுக்கெல்லாம் சந்தை பாலாவில், உயர்பள்ளி பாலாவில், கல்லூரி பாலாவில். சிலர் வெளியூரிலிருந்து வந்து பாலாக்காரராகவே ஆகிவிட்டவர்கள். ஊரின் மிகப் பெரிய பெயரான தாமஸ் சார்ல்ஸே அப்படி வந்தவர்தான். பிறந்த இடத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் பட்டியல் பொய்யாகிவிடும்.

(உச்சரிப்பு பற்றி ஒரு சொல்: மேலே 'லா', 'லி' என்று எழுதியிருக்கும் சில இடங்களில் வெல்ஷ் மொழிக்கே உரிய ஓர் ஒலி இருக்கிறது. ல் சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக்கொண்டு குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் ஊதினால் அது வரும். தமிழில் அதற்கு எழுத்தில்லை.)

தாமஸ் சார்ல்ஸ் யார்?

1755இல் தெற்கு வேல்ஸின் கார்மார்தன்ஷயரில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, இங்கிலாந்துத் திருச்சபையில் குருவானவர். பாலாவில் கடை நடத்திவந்த சாலி ஜோன்ஸ் என்ற பெண்ணை விரும்பினார். அவர் ஊரைவிட்டு வர மறுத்தார். 1783இல் திருமணம் செய்துகொண்டு சார்ல்ஸ்தான் பாலாவுக்குக் குடிவந்தார். மெதடிஸ்டுகள் (திருச்சபைக்குள் எழுந்த மறுமலர்ச்சி இயக்கத்தினர்) மேல் அவருக்கு இருந்த சாய்வு பிடிக்காததால் சுற்றுவட்டாரத் திருச்சபைகள் அவரை வேலையில் நிலைக்க விடவில்லை. 1784இல் அவர் மெதடிஸ்டுகளுடன் சேர்ந்தார். குடும்பத்தை நடத்தியது சாலியின் கடை வருமானம். சார்ல்ஸ் செய்த பணிகளைப் பேசும்போதெல்லாம் அந்தக் கடையையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சம்பளமில்லாத ஒருவர் மலையும் பள்ளத்தாக்குமாக அலைந்து பள்ளி நடத்த முடிந்தது என்றால், கல்லாவில் உட்கார்ந்திருந்த சாலிதான் அதற்குக் காரணம்.

அவர் நடத்தியவை சுற்றுப் பள்ளிகள். ஓர் ஆசிரியர் ஒரு சிற்றூருக்குப் போய், சில மாதங்கள் தங்கி, அங்குள்ளவர்களுக்கு வெல்ஷ் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்வார். கட்டடம் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. கற்றது மறந்துபோகாமல் இருக்க ஞாயிறு பள்ளிகள் வந்தன. வேல்ஸின் ஞாயிறு பள்ளிகள் குழந்தைகளுக்கு மட்டுமானவை அல்ல. பாட்டியும் பேரனும் ஒரே பள்ளியில் எழுத்துக் கூட்டினார்கள். பள்ளிகளைப் பார்வையிட மலைவழியே குளிர்காலத்தில் பயணம் செய்தபோது உறைபனி தாக்கி, சார்ல்ஸின் கட்டைவிரல் ஒன்றை வெட்டி எடுக்க நேர்ந்தது.

வெல்ஷ் மொழியில் நான்கு தொகுதிகளாக ஒரு வேதாகம அகராதியும் எழுதினார். அதை அச்சிடுவதற்காகவே ராபர்ட் சாண்டர்சன் என்ற அச்சர் பாலாவில் வந்து குடியேறினார். அதற்குப் பிறகு அந்தச் சந்தையூர் அச்சகம் உள்ள ஊர் என்றும் பெயர் பெற்றது. 1811 ஜூன் மாதம் பாலாவில் எட்டுப் போதகர்களுக்குக் குருத்துவம் அளித்தார் சார்ல்ஸ். வெல்ஷ் மெதடிஸ்டுகள் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த நாள் அது. நீண்ட காலம் தயங்கிய பிறகே அவர் அதற்கு இணங்கினார். 1814இல் இறந்தார், லானிகில் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வெறுங்காலில் நடந்து வேதாகமம் வாங்கிய சிறுமியின் ஊர் இதுதானா?

அவர் நடந்து வந்து சேர்ந்த ஊர் இது. மேரி ஜோன்ஸ் 1784 டிசம்பரில் காடர் இட்ரிஸ் மலையடிவாரத்தில், லான்விஹாங்கெல்-அ-பெனான்ட் என்ற சிற்றூரில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். சார்ல்ஸின் சுற்றுப் பள்ளி ஒன்றில் படிக்கக் கற்றார். சொந்தமாக ஒரு வேதாகமம் வாங்க ஆறு ஆண்டுகள் காசு சேர்த்தார் என்பது மரபு. 1800இல், பதினைந்து வயதில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவை வெறுங்காலில் நடந்து பாலாவுக்கு வந்து, தாமஸ் சார்ல்ஸிடம் அதை வாங்கினார். 1799இல் அச்சான வெல்ஷ் பதிப்பு அதற்குள் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது.

1802 டிசம்பரில் லண்டனில் ஒரு கூட்டத்தில் சார்ல்ஸ் வேல்ஸில் நிலவிய வேதாகமத் தட்டுப்பாட்டை எடுத்துரைத்தார். வேல்ஸுக்கு என்று ஒரு சங்கம் அமைக்கலாம் என்றால், நாடு முழுவதற்கும் ஏன் கூடாது, உலகம் முழுவதற்கும் ஏன் கூடாது என்று அங்கே ஜோசஃப் ஹியூஸ் என்ற போதகர் கேட்டார். 1804 மார்ச் 7 அன்று பிரிட்டிஷ் வெளிநாட்டு வேதாகமச் சங்கம் பிறந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஞாயிறு பள்ளிகளில் மேரியின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் பலர் இருப்பார்கள். அவர்கள் கேட்ட 'தூரத்து ஊர்' இந்தப் பாலாதான்.

மேரி ஜோன்ஸின் கதை உண்மையா, பக்திக்காகச் சேர்த்துச் சொன்னதா?

அடிப்படை உண்மை. அவர் வாங்கிய வேதாகமம் இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தான் பிறந்த நாளையும், பெற்றோர் பெயரையும், 1800இல் இதை வாங்கியதையும் அவர் தன் கையாலேயே அதில் எழுதி வைத்திருக்கிறார், தடுமாறும் ஆங்கிலத்தில். சார்ல்ஸ் என்ன சொன்னார், சிறுமி எப்படி அழுதாள் போன்ற காட்சிகள் பின்னால் கதை சொன்னவர்களின் கைவண்ணம். ஒவ்வொரு வடிவமும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. சங்கம் அமைந்ததற்கு மேரி ஒருவர் மட்டுமே காரணம் என்பதும் மிகை. ஊர் ஊராகச் சார்ல்ஸ் பார்த்த நூற்றுக்கணக்கான வாசகர்கள்தான் காரணம். மேரி அவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த ஒருவர். எனக்கு அந்தக் கைப்பட எழுதிய வரிகளே போதும். மலையடிவார நெசவாளியின் மகள் ஒரு புத்தகத்தில் தன் பெயரை எழுதி, இது என்னுடையது என்று சொல்கிறாள். ஒரு தலைமுறைக்கு முன் அது நடந்திருக்க வாய்ப்பே குறைவு.

பெட்சி கட்வாலடர் யார்? மருத்துவ அமைப்புக்கு ஏன் அவர் பெயர்?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியவரே இவர்தான். 1789 மே 24 அன்று லானிகிலில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை டஃபிட் கட்வாலடர் மெதடிஸ்டு போதகர். அவருடைய பதினாறு பிள்ளைகளில் பெட்சியும் ஒருவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பாலாவில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே வீட்டுவேலையோடு ஆங்கிலமும் யாழ் இசையும் கற்றார். பதினான்கு வயதில், ஓர் இரவில், ஜன்னல் வழியாக இறங்கி லிவர்பூலுக்குப் போய்விட்டார்.

அதன்பின் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் கப்பல் தலைவர்களின் குடும்பங்களுக்குப் பணிவிடை செய்பவராகவும் பல ஆண்டுகள் உலகக் கடல்களில் சுற்றினார். கட்வாலடர் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் நுழையவில்லை என்பதால் எலிசபெத் டேவிஸ் என்று மாற்றிக்கொண்டார். லண்டனுக்குத் திரும்பி, கைஸ் மருத்துவமனையில் செவிலியரானார்.

1854இல் கிரிமியப் போர்ச் செய்திகள் வந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. அந்த வயதில் போர்முனைக்குப் புறப்பட்டார். இஸ்தான்புல் அருகே ஸ்கூட்டாரியில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட இரண்டாவது செவிலியர் குழுவில் அவர் இருந்தார். அந்தக் குழுவை நைட்டிங்கேல் கேட்கவும் இல்லை, விரும்பவும் இல்லை. வந்தவர்களுக்குப் பழைய துணிகளைப் பிரித்துத் தைக்கும் வேலை கிடைத்தது. கருங்கடலுக்கு அப்பால் வீரர்கள் இறந்துகொண்டிருக்க, இங்கே துணி தைத்துக்கொண்டிருக்க பெட்சிக்கு மனம் வரவில்லை. நைட்டிங்கேலின் விருப்பத்தை மீறி, போர்முனையை ஒட்டிய பாலக்லாவாவுக்குப் போனார். அங்கே அழுகிய காயங்களைக் கழுவிக் கட்டினார். பிறகு நோயாளிகளுக்கான சமையலறையின் பொறுப்பை ஏற்றார். உடல் முழுவதுமாகக் குலைந்த பிறகே 1855இல் நாடு திரும்பினார்.

இந்த இருவரின் மோதலில் ஒருவரைக் கெட்டவராக்கத் தேவையில்லை. இராணுவ மருத்துவர்களின் எதிர்ப்புக்கு நடுவே பெண் செவிலியர் என்ற ஏற்பாட்டையே காப்பாற்ற, நைட்டிங்கேலுக்குக் கடுமையான ஒழுங்கு வேண்டியிருந்தது. பெட்சிக்கோ கண்முன் கிடக்கும் நோயாளிக்கு இப்போதே சூப்பும் போர்வையும் வேண்டியிருந்தது. ஆனால் ஒருவர் வசதியான குடும்பத்துப் பெண்மணி, மற்றவர் வேல்ஸ் பண்ணையிலிருந்து ஓடிவந்த வேலைக்காரப் பெண். வரலாறு யாரை நினைவில் வைத்தது என்பதில் அந்த வேறுபாட்டுக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நமக்கு அவர் குரல் கிடைத்திருப்பதற்குக் காரணம் ஜேன் வில்லியம்ஸ் என்ற எழுத்தாளர். முதிய செவிலியரை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, அந்த வாழ்க்கைக் கதையை 1857இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1860இல் பெட்சி லண்டனில் வறுமையில் இறந்தார். ஏப்னி பார்க் கல்லறையில் ஏழைகளுக்கான பொதுக்குழியில் புதைக்கப்பட்டார். 2009இல் வடக்கு வேல்ஸின் பொது மருத்துவ வாரியம் அமைந்தபோது அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். 2012இல் அந்தக் கல்லறையில் ஒரு நினைவுக்கல்லும் எழுந்தது. நூற்றைம்பது ஆண்டுத் தாமதம்.

பாலாவில் கல்லூரி இருந்ததா?

இரண்டு இருந்தன. 1837இல் லூயிஸ் எட்வர்ட்ஸ் கால்வினிய மெதடிஸ்டுப் போதகர்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். அவர் மனைவி ஜேன், தாமஸ் சார்ல்ஸின் பேத்தி. அவர்களுடைய மகன் தாமஸ் சார்ல்ஸ் எட்வர்ட்ஸ், அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் முதல்வர். இன்னொன்று சுயாதீனத் திருச்சபையின் (ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளும் பிரிவின்) கல்லூரி. அதன் கதை கீழே மைக்கேல் டி. ஜோன்ஸுடன் வருகிறது.

இந்தியாவுக்கும் பாலாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, மேகாலயாவோடு. பாலாக் கல்லூரியில் படித்த தாமஸ் ஜோன்ஸ் என்ற தச்சர் மகன், வெல்ஷ் மிஷனின் முதல் ஊழியராக 1841 ஜூன் மாதம் சிரபுஞ்சி வந்து சேர்ந்தார். அந்த மலைமக்கள் பேசும் காசி (Khasi) மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை நிலைநிறுத்தியவர் அவர்தான். வெல்ஷ் எழுத்து வழக்கின் சுவடு அதில் இன்றும் இருக்கிறது: ஆங்கில அகரவரிசையில் 'சி' நிற்கும் மூன்றாம் இடத்தில் காசி நெடுங்கணக்கில் 'கே' நிற்கிறது, 'ங்' ஒலிக்கான இரட்டை எழுத்து, வெல்ஷில் போலவே 'ஜி'யை அடுத்துத் தனி எழுத்தாக வருகிறது. வணிகர் ஒருவரின் கொடுமையை எதிர்த்ததால் மலையை விட்டு ஓட வேண்டிவந்து, 1849இல் கல்கத்தாவில் இறந்தார். தாய்மொழியில் படித்து வளர்ந்த ஒருவர், இன்னொரு மலைநாட்டு மக்களின் மொழியை எழுதக் கற்றுக்கொடுக்க வந்தார் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

மைக்கேல் டி. ஜோன்ஸ் ஏன் தன் மக்களைப் பட்டகோனியாவுக்கு அனுப்பினார்?

1822இல் லானுவ்க்லினில் போதகர் வீட்டில் பிறந்தவர். தந்தைக்குப் பின் பாலாவின் சுயாதீனக் கல்லூரியின் முதல்வரானார். 1840களின் இறுதியில் அமெரிக்காவின் ஒஹாயோவுக்குப் போயிருந்தபோது ஒன்றைக் கண்டார்: அங்கே குடியேறிய வெல்ஷ் மக்களின் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்குள் மொழியை விட்டுவிடுகிறார்கள். வறுமை அவர்களை எப்படியும் நாட்டைவிட்டு விரட்டப்போகிறது. அப்படியானால் ஆங்கிலம் ஆளாத ஓரிடத்துக்கு எல்லாரும் சேர்ந்து போகட்டும் என்று நினைத்தார். அர்ஜென்டினாவின் தெற்கே சுபுட் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1865 மே 28 அன்று மிமோசா என்ற பாய்மரக் கப்பல் சுமார் 150 பேருடன் லிவர்பூலிலிருந்து புறப்பட்டது. ஜூலை 28 அன்று, இன்று புவெர்டோ மாட்ரின் இருக்கும் கரையை அடைந்தது. பச்சைப் பள்ளத்தாக்கு என்று சொல்லப்பட்டிருந்தது. இறங்கியபோது கண்டதோ வறண்ட வெளி. முதல் ஆண்டுகள் பட்டினி. பின்னர் சுபுட் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்து கோதுமை விளைவித்தார்கள். கைமன், ட்ரெலூ போன்ற ஊர்களில் வெல்ஷ் இன்றும் பேசப்படுகிறது.

ஜோன்ஸ் குடியேறவில்லை, 1882இல் ஒருமுறை போய்ப் பார்த்துவந்தார். ஆனால் அதற்காகத் தன்னிடமும் மனைவி ஆனிடமும் இருந்த சொத்தைக் கொட்டினார். கடன் கழுத்தை நெரித்து, பாலாவில் தான் வாழ்ந்த வீட்டையே விற்க நேர்ந்தது. அவர் மகன் லூய்ட் அப் இவான் பட்டகோனியாவில் குடியேறி, 1909இல் கொள்ளைக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த நிலத்தில் ஏற்கெனவே மக்கள் இருக்கவில்லையா?

இருந்தார்கள். தெஹுவெல்சே மக்களின் நிலம் அது. அர்ஜென்டின அரசு வெல்ஷ் மக்களை வரவேற்றதே, பட்டகோனியா தன்னுடையது என்று நிலைநாட்டத்தான். குடியேறியவர்களுக்கும் தெஹுவெல்சேக்களுக்கும் இடையே பெரும்பாலும் நல்லுறவு இருந்தது. ரொட்டிக்கு இறைச்சி என்று பண்டமாற்று நடந்தது. வேட்டையாடக் கற்றுத்தந்தவர்களும் அவர்களே. ஆனாலும் 1870களிலும் 80களிலும் அர்ஜென்டினப் படை பழங்குடிகளை அழித்து விரட்டியபோது, வெல்ஷ் பண்ணைகள் நிலைத்தன, தெஹுவெல்சே கூடாரங்கள் மறைந்தன. ஒரு சிறிய மொழியைக் காக்கப் போன பயணம் இன்னொரு மக்களின் இழப்போடு பின்னியிருக்கிறது. பாலாவின் இந்தப் பெரிய மனிதரைப் போற்றுகிறவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைத்தெருவில் கையை உயர்த்தி நிற்கும் சிலை யாருடையது?

தாமஸ் எட்வர்ட் எல்லிஸ். ஊர்வழக்கில் டாம் எல்லிஸ். 1859 பிப்ரவரி 16 அன்று கெவ்ந்துய்சார்ன் அருகே கின்லாஸ் பண்ணையில் ஒரு குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்தார். அந்த ஆண்டுதான் பாலா வட்டாரத்தின் ஆறாத காயம் நிகழ்ந்தது. அப்போது வாக்களிப்பு இரகசியமானது அல்ல. 1859 தேர்தலில் நிலப்பிரபுக்களின் விருப்பத்துக்கு மாறாக நடந்த குத்தகையாளர்கள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் மைக்கேல் டி. ஜோன்ஸின் விதவைத் தாயும் ஒருவர். வெளியேற்றியவர் சர் வாட்கின் வில்லியம்ஸ்-வின். அந்தக் கதைகளைக் கேட்டே எல்லிஸ் வளர்ந்தார்.

பாலா, அபெரிஸ்ட்வித், ஆக்ஸ்ஃபோர்டு என்று படித்து, 1886இல் மெரியோனெத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1890இல் பாலாவிலேயே ஆற்றிய உரையில் வேல்ஸுக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டும் என்று கேட்டார். அது அமைய 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1894இல் லிபரல் கட்சியின் தலைமைக் கொறடாவானார். அரசுப் பதவி ஏற்று எதிர்ப்பின் கூர்மையை மழுங்கவிட்டார் என்று சொந்த மக்களே அவரைக் குறை கூறினார்கள். 1899இல், நாற்பது வயதில், பிரான்ஸின் கான் நகரில் இறந்தார். சிற்பி கோஸ்கோம் ஜான் வடித்த வெண்கலச் சிலை 1903இல் திறக்கப்பட்டது.

ஓ. எம். எட்வர்ட்ஸும் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸும் செய்தது என்ன?

ஓவன் மார்கன் எட்வர்ட்ஸ் 1858 டிசம்பரில் லானுவ்க்லினில் பிறந்தார். ஊர்ப் பள்ளியில் வெல்ஷ் பேசிய குற்றத்துக்காகக் கழுத்தில் கட்டை தொங்கவிடப்பட்ட சிறுவர்களில் அவரும் ஒருவர். 'வெல்ஷ் நாட்' என்று அதற்குப் பெயர். வெல்ஷ் பேசிப் பிடிபடுகிறவன் கழுத்துக்கு அது மாறிக்கொண்டே போகும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு அடி. அடுத்தவனைக் காட்டிக்கொடுக்கத் தனக்கு மனம் வரவில்லை என்பதால் கட்டை தன்னிடமே தங்கிவிட்டது என்று பின்னாளில் எழுதினார்.

அதே மனிதர் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியரானார். 1892இல் குழந்தைகளுக்காக ஒரு வெல்ஷ் மாத இதழைத் தொடங்கினார். 1907இல் வேல்ஸின் தலைமைப் பள்ளி ஆய்வாளராக அமர்ந்தார். கட்டை சுமந்த சிறுவன், வளர்ந்து, பள்ளிகளுக்கெல்லாம் ஆய்வாளராகத் திரும்பிவந்து, வெல்ஷை வகுப்பறைக்குள் கொண்டுவர வாதாடினான்.

1920இல் அவர் இறந்த பிறகு அந்த இதழை மகன் இவான் நடத்தினார். 1922இல் அதன் பக்கங்களிலேயே பிள்ளைகளுக்கு ஓர் அழைப்பு விடுத்தார்: வெல்ஷில் பேசுவோம், விளையாடுவோம், படிப்போம் என்று ஓர் இயக்கத்தில் சேருங்கள். அதுதான் 'இர்த்', இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட இளையோர் இயக்கம். 1939இல் அபெரிஸ்ட்வித்தில் முதல் வெல்ஷ் வழி தொடக்கப் பள்ளியைத் தொடங்கியவரும் இவான்தான்.

1950 முதல் லின் டெகிட் கரையில் க்ளான்லின் என்ற மாளிகை இர்த்தின் முகாமாக இருந்துவருகிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே படகு ஓட்டிக்கொண்டே வெல்ஷ் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் அது யாருடைய வேட்டை மாளிகை தெரியுமா? ஜோன்ஸின் தாயை வெளியேற்றிய அதே வில்லியம்ஸ்-வின் குடும்பத்துடையது.

பார்வையற்ற போதகர் என்று குறிப்பிடப்படுபவர் யார்?

ஜான் பியூல்ஸ்டன் ஜோன்ஸ், 1862–1925. கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வையை இழந்து, பாலாவில் வளர்ந்தார். பிறர் உதவியை எதிர்பார்க்காமல் எல்லா வேலையையும் தானே செய்யும்படி தாய் அவரைப் பழக்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாற்றில் முதல் வகுப்புப் பெற்றார். வெல்ஷ் மொழிக்குப் பிரெயில் எழுத்துமுறையை வகுத்துத் தந்தவர் அவர். அதற்கு முன் பார்வையற்ற ஒரு வெல்ஷ்காரர் விரல்நுனியால் படிக்க வேண்டுமென்றால் அது ஆங்கிலத்தில்தான். மேரி ஜோன்ஸுக்குச் சார்ல்ஸ் செய்ததை இவர் பார்வையற்றோருக்குச் செய்தார். இந்தப் பட்டியலில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறவர் இவர் என்பது எனக்கு வருத்தம்.

கவிஞர்கள் யாரும் இல்லையா?

நிறைய உண்டு, இருவரைச் சொல்கிறேன். 1792இல் பாலாவிலேயே பிறந்த ஜான் ஜோன்ஸ், 'டெகிட்' என்று ஏரியின் பெயரையே புனைபெயராகக் கொண்டவர். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த இடைக்காலச் சுவடியிலிருந்து பழைய வெல்ஷ் கதைகளைப் படியெடுத்துக் கொடுத்தார். சார்லட் கெஸ்ட் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து உலகறியச் செய்ததற்கு அந்தப் படிகளே அடிப்படை. நம் காலத்தில், சார்னாய் சிற்றூரில் வளர்ந்த கெரால்ட் லூய்ட் ஓவன் (1944–2014), கடினமான யாப்பில் எழுதி மக்கள் மனப்பாடமாகச் சொல்லும் கவிதைகளைத் தந்தார்.

காபெல் கெலின் ஊரை நீரில் மூழ்கடித்தபோது பாலாக்காரர்கள் என்ன செய்தார்கள்?

பாலாவுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், ட்ரவெரின் பள்ளத்தாக்கில் இருந்த வெல்ஷ் சிற்றூர் காபெல் கெலின். லிவர்பூல் நகராட்சி தண்ணீருக்காக அங்கே அணை கட்ட முடிவுசெய்தது. எதிர்ப்புக் குழுவின் செயலராக இருந்து ஓயாமல் கடிதம் எழுதியவர், அந்த ஊரில் பிறந்த எலிசபெத் வாட்கின் ஜோன்ஸ். 1956 நவம்பரில் ஊரார் குழந்தைகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். 1957இல் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியபோது வேல்ஸின் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை; ஆனாலும் நிறைவேறியது. 1965இல் பள்ளியும் தேவாலயமும் அஞ்சலகமும் வீடுகளும் நீருக்குள் போயின.

வேறு யார் யார்?

ரிவ்லாஸ் நிலக்கிழார் ஆர். ஜே. லாய்ட் பிரைஸ் 1873 அக்டோபரில் பாலாவில் ஆட்டுநாய்ப் போட்டி நடத்தினார். பிரிட்டனில் பதிவான முதல் போட்டி என்று அதைச் சொல்கிறார்கள். வென்றது ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் ட்வீட் என்ற நாய். வ்ரான்கோக்கில் அவர் தொடங்கிய விஸ்கி ஆலை நொடித்துப்போன பின், அதே கட்டடத்தில் 1916இல் அயர்லாந்துப் புரட்சியாளர்கள் சுமார் 1800 பேர் அடைக்கப்பட்டார்கள். மைக்கேல் காலின்ஸ் அவர்களில் ஒருவர். கால்நடை மருத்துவர் வேடத்தில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற நடிகர் கிறிஸ்டஃபர் டிமோதி 1940இல் பாலாவில் பிறந்தவர்.

இவர்களின் நினைவிடங்களை எங்கே பார்க்கலாம்?

எல்லிஸ் சிலை கடைத்தெருவில். தாமஸ் சார்ல்ஸ் சிலை டெகிட் தேவாலயத்தின் முன். லூயிஸ் எட்வர்ட்ஸ் சிலை பழைய கல்லூரியின் முன். ஓ. எம். எட்வர்ட்ஸும் மகன் இவானும் லானுவ்க்லினில் சிலையாகச் சேர்ந்து நிற்கிறார்கள். நான் இங்கே சொன்ன சிலைகள் எல்லாம் ஆண்களுடையவை. மேரி ஜோன்ஸுக்காக 2014இல் லானிகில் தேவாலயத்தில் ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது; சார்ல்ஸின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. பெட்சியைப் பார்க்க வேண்டுமானால் லண்டனுக்குப் போக வேண்டும். வடக்கு லண்டனில், ஸ்டோக் நியூவிங்டன் பகுதியில், மரங்கள் அடர்ந்த ஏப்னி பார்க்கில் அந்த நினைவுக்கல் இருக்கிறது.